ஸ்வெட்டர் போட்ட கொடும்பாவி

முருகன் துணை

கேமரன் மலை
ஏப்ரல் 1983, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ராதாகிருஷ்ணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீதான் உன் கைப்பட எழுதி எங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். சபாவிலும் மழை இல்லை, தாவாவில் கொக்கோ மரமெல்லாம் இலை சுருண்டு நிற்கிறது, தோட்டத்துக்குப் பின்னால் காடு எரிகிறது, புகையில் பகலிலேயே விளக்குப் போடுகிறோம் என்று அதில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. நான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுவிட்டேன், தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு தந்தியும் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததா ஐயா என்று கேட்டால், அனுப்பிட்டோம், அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாதுலா என்கிறார் அங்கே இருப்பவர். கணக்கு எழுதும் நம் கிராணியாரும் பாவம், தோட்டத்து ஆபீஸ் போனில் முயன்று பார்த்தார், இரைச்சல்தான் கேட்டதாம். உன் தங்கை கோலா தெர்லாவில் சுகமாக இருக்கிறாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, பார்ப்பவர்களையெல்லாம் கடிக்கிறது, மாப்பிள்ளைக்குக் கோஸ் நட்ட பாத்தி பாதி கருகிவிட்டது. அவளும் உன்னிடமிருந்து தபால் வந்ததா என்று இந்தப் பக்கம் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு அனுப்புகிறாள்.

இந்த வருடம் மலைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மூடுபனி இறங்கவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிர்மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிகிறது. நீ பிறந்து வளர்ந்த இத்தனை வருடத்தில் அந்த மலையை முழுதாக எத்தனை நாள் பார்த்திருப்பாய்? இப்போது அது எந்நேரமும் நின்று நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குருவிச் சத்தம் இல்லை, தவளைச் சத்தம் இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வானம் தெளிவாக இருப்பதில் சந்தோஷம், நமக்கு அண்ணாந்து பார்க்கவே பிடிக்கவில்லை. போர்வை இல்லாமல் படுக்கிறோம் என்றால் நீ நம்ப மாட்டாய். தேயிலைக் கொழுந்து வரவில்லை, செடியெல்லாம் துளிர் விடாமல் கட்டையாக நின்றுவிட்டது. நான் வேலை செய்யும் தேயிலை ஆலை மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி மணிக்கணக்காகக் காற்றில் வாட்டுவோம் அல்லவா, இப்போது கூடையில் வரும்போதே வாடித்தான் வருகிறது, எனக்கு வேலை மிச்சம். ஆனால் துரை வாரத்தில் பாதி நாள்தான் எல்லோருக்கும் வேலை என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் இப்படியே போனால் ஆட்களைக் குறைப்பார்கள் என்று பேச்சு. அதனால் லயத்து வரிசை வீடுகளில் யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் வானிலை அறிக்கை கேட்பது என்று உன் அம்மா சொல்வாள். சாராயம் குடிக்கிறவனையாவது திருத்தலாம், ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை என்ன செய்வது என்பாள். நீ தாவாவுக்குப் போனதிலிருந்து சபாவுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காகத்தான் நான் ரேடியோவை மூடுவதே இல்லை, அது அவளுக்கும் தெரியும். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அறிக்கையில் தெளிவாகச் சொன்னார்கள். மேற்குக் கரை மாநிலங்களிலும் உள்நாட்டு மலைப் பகுதிகளிலும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் கூடிய மழை பெய்யும், சில நாள் நீடிக்கும், பிறகு வெப்பம் மறுபடி திரும்பும், சபாவில் வறட்சி தொடரும் என்றார்கள். நான் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் போய்ச் சொன்னேன், பொறுங்கப்பா, மழை வருது, ரேடியோவுலயே சொல்லிட்டான் என்று. கோவில் தலைவர் முருகையா இருக்கிறாரே, அவருக்குத் தெரியாமல் மழை வந்துவிடுமா. ரேடியோக்காரன் என்னைக்கு அண்ணே கொழுந்து கிள்ளுனான் என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவாகிவிட்டது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தரம் செய்தார்கள், உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. மழையைத் தடுத்து வைத்திருக்கும் பாவி ஒருவன் என்று ஒரு பொம்மையைக் கட்டுவார்கள். அதைக் கயிறு போட்டு லயம் லயமாக இழுத்துப் போவார்கள், பெண்கள் விளக்குமாற்றால் அடிப்பார்கள், அடித்துவிட்டு அவனுக்கே மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள், கடைசியில் பிணத்தை எரிப்பதுபோல் கொளுத்துவார்கள். அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொல்லக் கூடாது, உயிரோடு இருக்கிறவன் துணியை அதற்குப் போடக் கூடாது, இவ்வளவுதான் அதில் இருக்கும் சட்டம். ஊரில் என்றால் வைக்கோல் வைத்துக் கட்டுவார்கள், இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது, உரச் சாக்கில் காய்ந்த லாலாங் புல்லை அடைத்து, கை காலுக்கு வேலியில் வெட்டிய செம்பருத்திக் குச்சியைக் கட்டினார்கள். கரியால் ஒரு முகம் வரைந்தார்கள். துணிக்காகச் சின்னப் பையன்கள் வீடு வீடாக வந்தபோது உன் அம்மா உள்ளே போய் உன் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் கையால் பின்னியது, நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போனாயே, அதுதான். நான் அப்போது வேலையில் இருந்தேன். வந்ததும் ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைக் கேள். சபாவுக்கு மழ இல்லன்னு நீங்கதான சொன்னீங்க, அவன் துணி அதுமேல இருந்தா மழைக்கு அவன் இருக்கிற எடம் தெரியும்ல, அந்தப் பக்கமும் போவும்ல, அந்தத் தீ அணையும்ல என்றாள். மழைக்கு விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறாள் உன் அம்மா. அந்தப் பொம்மையை அடிப்பார்கள், அதற்கு அழுவார்கள், அதை எரிப்பார்கள் என்பது அவள் நெஞ்சில் அந்த நேரத்தில் படவே இல்லை. பெற்றவள் புத்தி அவ்வளவு தூரம்தான் போகும்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் அதை இழுத்துக்கொண்டு நம் லயத்துக்குள் வந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் நீ மண்ணில் விழுந்து இழுபட்டு வருவதுபோலவே இருந்தது. தப்பு மேளம், கூச்சல், வசவு எல்லாம் சேர்ந்து வருகிறது. நீ வளர்த்த நாய் கருப்பன் எதைக் கண்டாலும் குரைக்கிறவன், அன்றைக்கு ஒரு சத்தம் போடாமல் அதன் பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு நடந்தான். விளக்குமாற்றோடு வாசலில் நின்ற பெண்கள் ஸ்வெட்டரைப் பார்த்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், ஒருத்தியும் அடிக்கவில்லை. அப்புறம் பாஞ்சாலை ஒப்பாரி எடுத்தாள். அவளைப்போல் அழ இந்த மலையில் ஆளில்லை, சாவு வீட்டில் பெற்றவர்களை விட அவள்தான் நன்றாக அழுவாள் என்று நாமே கேலி செய்திருக்கிறோம். பாவி பாவி என்று ஆரம்பித்தவள், நடுவில் என்ன ஆனதோ, கண்ணை மூடிக்கொண்டு, எங்க ராதா, கடல் தாண்டிப் போன ராதா என்று உன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். கூட இருந்த பெண்களும் மாரடித்துக்கொண்டே அதையே திருப்பிச் சொன்னார்கள். உன் அம்மா கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பாஞ்சாலையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, என்ன அண்ணே, நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். அந்த நேரம் எதிர்மலைக்குப் பின்னால் முதல் இடி இடித்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்குத் தெரியும். ரேடியோவில் சொன்ன மழை, சொன்னபடி பிற்பகலில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடம் சொல்வது? ஓடைக்கரைச் சுடுகாட்டில் வைத்து அவசர அவசரமாகக் கொளுத்தினார்கள். கால் பக்கம் பற்றி எரியும்போதே கொட்டியது பார், எத்தனை வருடமாகிறது அப்படி ஒரு மழையைப் பார்த்து. அர்ஜுனா அர்ஜுனா என்று கத்திக்கொண்டு எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டோம். தீ அணைந்து, அது பாதி எரிந்து அங்கேயே கிடந்தது. உன் அம்மா மட்டும் மழையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் பிரிஞ்சாங்கிலிருந்து வந்தவர்கள் அங்கே ஒரு சொட்டு விழவில்லை, ரோட்டில் புழுதி பறக்கிறது என்றார்கள். நம் தோட்டத்துக்கு மட்டும் பெய்திருக்கிறது. இடிமழை அப்படித்தான், ஒரு மலைக்குப் பெய்யும் ஒரு மலைக்குப் பெய்யாது என்று நான் விளக்கம் சொன்னேன். முருகையா வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் தெரிந்தது.

மறுநாள் சுடுகாட்டில் போய்ப் பார்த்தால் அது இல்லை. ஓடை ஏறி அடித்துக்கொண்டு போய்விட்டது, போய்த் தொலைந்தது என்று நான் நிம்மதியானேன். அன்று பிற்பகலே வேலப்பன் லோரி நம் வாசலில் வந்து நின்றது. அடுத்த லயத்து வேலப்பனை மறந்திருக்க மாட்டாய், இப்போது காய்கறி லோரி ஓட்டுகிறான். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சாமான் ஏற்றப் போனவனை அங்கே ஒரு சீனப் பெரியவர் ஓடிவந்து கூப்பிட்டாராம், ஆற்றோரம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறான் என்று. வேலப்பன் போய்ப் பார்த்தால் வேலி வலையில் முதுகைச் சாய்த்து, கையிரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, சிவப்பு ஸ்வெட்டர். அவனுக்குக் கொடும்பாவி விஷயம் தெரியாது, அன்று அவன் ஈப்போவில் இருந்தான். அந்த ஸ்வெட்டரைத்தான் தெரியும். ராதா, எப்படா வந்த என்று கூப்பிட்டுக்கொண்டே போய்த் தோளில் கை வைத்திருக்கிறான். அதை எங்களிடம் சொல்லும்போது அவன் அழுதுவிட்டான். அதைப் பின்னால் கோஸ் மூட்டையோடு போட அவனுக்கு மனம் வரவில்லை, முன் சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் மலையேற்றி வந்திருக்கிறான். வழியெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல மாமா என்றான்.

இப்போது அது நம் விறகுக் கொட்டகையில் இருக்கிறது. உன் அம்மா யாரையும் தொட விடவில்லை. கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் கரி. கரியில் வரைந்த முகம் தண்ணீரில் கலைந்து, வெறும் சாக்குதான் முகம். பிற்பகலில் இடி இடிக்கும்போதெல்லாம் அவள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள், சாயங்காலம் குளிர் இறங்கினால் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டு வருகிறாள். கருப்பன் கொட்டகை வாசலை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் ஏளனம் செய்துதான் பார்த்தேன், உன் பிள்ளைக்குக் காப்பி கொடுத்தாயா என்று. ஆனால் உன்னிடம் மறைத்து என்ன, விறகு எடுக்கப் போகும்போது நானும் வாசலிலேயே ஒரு தரம் இருமிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். வெளியே தெரிந்தால் வெட்கக்கேடு. போன வாரம் ஸ்வெட்டர் கை நுனியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால் துளிர். செம்பருத்திக் குச்சியை எங்கே செருகினாலும் துளிர்க்கும், அதிலும் மழையில் ஊறிய குச்சி, இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. உன் அம்மா அந்தத் துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மேல் சாய்ந்து அப்படி அழுதாள். உசுரு இருக்குங்க, என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல என்றாள். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

இனிமேல்தான் விஷயம். ரேடியோவில் முதலிலேயே சொன்னது நடந்துவிட்டது. மழை நின்றுவிட்டது, வெப்பம் திரும்பிவிட்டது. பிற்பகலில் எதிர்மலைக்குப் பின்னால் கருமேகம் எழும்பி நிற்கிறது, மின்னல் வெட்டுகிறது, இடி கேட்கிறது, இந்தப் பக்கம் மட்டும் வருவதில்லை. முளைத்த கொழுந்தும் காயத் தொடங்கிவிட்டது. நேற்று முருகையா நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அண்ணே, பாதி வெந்த பொணத்த வீட்டுல வெச்சிருக்கீங்க, அதான் மழ பாதியில போயிருச்சு, முழுசா எரிச்சிருவோம் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்னைக்கு பேரு சொன்ன ஒடனேதான் இடி இடிச்சுது, எல்லாரும் பார்த்தோம், அதே பேரச் சொல்லித்தான் முடிக்கணும் என்றார் கூட வந்த ஒருவர். கெட்டவர்கள் இல்லை, உன்னைத் தோளில் தூக்கி வைத்துத் திருவிழா காட்டியவர்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை போய்விட்டால் லயத்தையும் காலி செய்ய வேண்டும், பயம் யாரை விட்டது. உன் அம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றுவிட்டாள். பாஞ்சாலையும் வந்திருந்தாள், அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என்னால தாலாட்டுகூடப் பாட முடியல அண்ணே, வாயத் தொறந்தா உங்க மவன் பேருதான் வருது என்றாள். அவள் நடிக்கிறவள் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். ரேடியோவில் இன்னும் சில நாளில் மறுபடி இடிமழைக்கு வாய்ப்பு என்கிறார்கள், அதுவரை பொறுங்கள் என்றால் இவர்கள் பொறுக்கப் போவதில்லை. நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அதைத் தூக்கிப் போய்விட்டால் உன் அம்மா என்ன ஆவாளோ. அதனால் ஒரு முடிவு சொல்லிவிட்டேன். கொட்டகையில் இருப்பதை ஒருவரும் தொடக் கூடாது. வேறு ஒன்று புதிதாகக் கட்டுங்கள், அதற்கு என் காக்கிக் கோட்டைத் தருகிறேன், பாஞ்சாலை என் பெயரைச் சொல்லி அழட்டும் என்றேன். பாஞ்சாலை, தெரிஞ்சே எப்படி அண்ணே, உசுரோட எதுர நிக்கிற மனுசனுக்கு என்று கேட்டாள். நான் நம்பாதவன் தாயி, எனக்கு ஒண்ணும் ஒட்டாது, நல்லா ராகம் போட்டு அழு, நானும் கேட்டுக்குறேன் என்றேன். முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார்கள்.

நம்பாதவனுக்கு இது எதற்கு என்று நீ கேட்பாய். இது ஒன்றுமே இல்லை என்றால் எனக்கு ஒரு பழைய கோட்டு நஷ்டம், அவ்வளவுதான். ஏதாவது இருக்கிறது என்றால், அங்கே சொல்லப்பட்டது உன் பெயராக இருக்க வேண்டாம், என் பெயராக இருக்கட்டும். உன் பெயருக்கு மேல் என் பெயரைப் போட்டு மூடிவிடலாம் என்று நினைக்கிறேன். பயம் இல்லையா என்றால் இருக்கிறது. நேற்றிலிருந்து எதிர்மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நீ எங்கே இருக்கிறாய், இருக்கிறாயா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் தபால்காரன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயத்துக்கு இது எவ்வளவோ மேல். உன் அம்மாவிடம், சும்மா ஊர் வாயை அடைக்கத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை, நேற்றைக்குக் கோட்டை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள், கொடுக்கும்போது அழுக்காக இருக்கக் கூடாதாம்.

புகை அடிக்கும் பக்கம் போகாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதே, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வெயிலில் அலையாதே. உன்னோடு வேலை செய்பவர்களோடு ஒற்றுமையாக இரு. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க முருகன் அருளட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எந்நேரமும் உன் தலைமேல் இருக்கும். கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரியாவது எழுதிப் போடு. உறைமேல் என் பெயரை எழுதாதே, உன் அம்மா பெயருக்கே எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் என்ன, உன் தங்கையை வரச்சொல்லிப் படிக்கச் சொல்லுவாள்.

இப்படிக்கு
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா
ரெங்கசாமி